தொடக்க வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட அடைவுத் தேர்வுகள்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

1. அறிக்கையின் நோக்கம்

மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரே வினாத்தாளால் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் கற்றலை அளந்து, அதில் கிடைக்கும் மதிப்பெண்ணைக் கொண்டு அவர்களை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதா, அதே வகுப்பில் நிறுத்திவைப்பதா என்று முடிவு செய்யலாமா என்னும் கேள்வி, 2019-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் அவ்வப்போது எழுந்துவருகிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் கல்வி ஆய்வாளர்களும் இணைந்து இயங்கும் இவ்வமைப்பு, அக்கேள்வி குறித்த தன் நிலைப்பாட்டைப் பொதுமக்கள் முன்னும் அரசின் முன்னும் இவ்வறிக்கையின் வழியே வைக்கிறது.

கல்வி அமைப்பின் நிலையை அறிய மாதிரி அடிப்படையிலான அடைவு ஆய்வுகள் தேவை. ஒரு குழந்தைக்கு எது விளங்கவில்லை என்பதை அறிய வகுப்பாசிரியரின் அன்றாட மதிப்பீடு தேவை. ஆனால் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையின் தேர்ச்சியையும், எந்த ஆசிரியரின் தகுதியையும், எந்தப் பள்ளியின் தரவரிசையையும் ஒரு பொதுத்தேர்வின் மதிப்பெண் தீர்மானிக்கக் கூடாது என்பதே அந்நிலைப்பாட்டின் சாரம்.

2. சொற்களின் பொருள்

ஒரு பாடப்பகுதியைக் கற்றபின் மாணவர் எவ்வளவு அடைந்துள்ளார் என்பதை அளப்பது அடைவுத் தேர்வு. வினாக்கள், நேரம், விடை திருத்தும் முறை ஆகிய அனைத்தும் எல்லா இடங்களிலும் ஒரே வகையாக அமையும்போது அது தரப்படுத்தப்பட்ட தேர்வாகிறது. அடைவுத் தேர்வின் பயன்பாடுகள் மூன்று. மாணவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்து, மாவட்டத்தின் அல்லது மாநிலத்தின் நிலையைக் கணிப்பது மாதிரி ஆய்வு. கற்பித்தலின் நடுவே குழந்தையின் இடர்ப்பாட்டைக் கண்டறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ள ஆசிரியர் செய்வது வளரறி மதிப்பீடு. தேர்ச்சி, தோல்வி என்னும் முடிவை நேரடியாகத் தருவது பொதுத்தேர்வு. மூன்றுக்கும் வினாத்தாள் உண்டு என்பதால் மூன்றும் ஒன்றே எனக் கருதுவதுதான் இவ்விவாதத்தில் நிலவும் பெருங்குழப்பம்.

3. சட்டப் பின்னணி

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று 16-ஆம் பிரிவிலும், எந்த வாரியத் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும் என வற்புறுத்தக் கூடாது என்று 30-ஆம் பிரிவிலும் கூறியது. குழந்தையின் புரிதலைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று 29-ஆம் பிரிவு வலியுறுத்தியது. அதன் வழியில் தமிழ்நாடு 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டையும் கொண்டுவந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கியது.

2019-இல் நாடாளுமன்றம் 16-ஆம் பிரிவைத் திருத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் ஆண்டிறுதியில் முறையான தேர்வு நடத்தவும், தேர்ச்சி பெறாதவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்கவும், அதிலும் தவறுபவர்களை நிறுத்திவைப்பது பற்றி உரிய அரசே முடிவு செய்யவும் அத்திருத்தம் இடமளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்த தமிழ்நாடு அரசு, பரவலான எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று அதைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தித் தன் நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளில் நிறுத்திவைத்தலை அனுமதித்தபோதும், பழைய நடைமுறையே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முறையான தேர்வைப் பற்றிப் பேசுகிறதே தவிர, மாநிலம் முழுவதற்குமான ஒரே வினாத்தாளைக் கட்டாயமாக்கவில்லை என்பதும், வாரியத் தேர்வுக்கு எதிரான 30-ஆம் பிரிவு நீக்கப்படவில்லை என்பதும் கவனத்துக்குரியவை. ஆகவே, பள்ளி அளவிலான ஆண்டிறுதி மதிப்பீட்டைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே நிறுத்திவைத்தலை மறுக்கும் உரிமை மாநிலத்துக்கு இன்றும் உள்ளது.

4. நிலைப்பாட்டுக்கான காரணங்கள்

முதற்காரணம் அளவையியல் சார்ந்தது. எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் அளவீட்டுப் பிழை என்று ஒரு பகுதி உண்டு. காய்ச்சலோடு வந்த நாள், படிக்காத பகுதியிலிருந்து வந்த வினா, கேட்கப்பட்டது புரியாமல் எழுதிய விடை ஆகியவற்றால் அதே குழந்தை மற்றொரு நாளில் வேறு மதிப்பெண் பெறக்கூடும். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சராசரியைக் கணக்கிடும்போது மிகுதியும் குறைவுமாக உள்ள இப்பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மாவட்டத்தைப் பற்றிய கணிப்பு நம்பத்தக்கதாகிறது. தனிக் குழந்தையின் மதிப்பெண்ணில் அப்பிழை அப்படியே தங்கிவிடுகிறது. தேர்ச்சிக் கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் கீழே நிற்கும் குழந்தைக்கும் இரண்டு மதிப்பெண் மேலே நிற்கும் குழந்தைக்கும் கற்றலில் மெய்யான வேறுபாடு உண்டு என்று எந்த அளவையியலாளரும் உறுதி கூற இயலாது. 1969 முதல் அமெரிக்காவில் நடந்துவரும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு தனி மாணவருக்கோ தனிப் பள்ளிக்கோ மதிப்பெண் வழங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வினாத்தொகுதியின் ஒரு பகுதிக்கு மட்டுமே விடையளிப்பதால், அதன் அமைப்பே அதற்கு இடம் தருவதில்லை.

இரண்டாவது காரணம் கற்பித்தல் சார்ந்தது. ஓர் அளவுகோலை முடிவெடுப்பதற்கு எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோமோ, அந்த அளவுக்கு அது சிதைவதோடு, எதை அளக்க வந்ததோ அதையும் சிதைக்கும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களில் சுட்டிக்காட்டினார். இதற்கான சான்று அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தையது. 1862-இல் இங்கிலாந்து அரசு, ஆய்வாளர் முன் ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் காட்டும் திறனைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் வழங்கும் முறையை ஏற்படுத்தியது. விளைவுக்கேற்ற மானியம் எனப்பட்ட அம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மானியத்துக்குரிய மூன்று திறன்களுக்குள் கல்வி சுருங்கி, மனப்பாடம் பெருகிய நிலையில், இங்கிலாந்து 1890-களில் அதைக் கைவிட்டது.

அண்மைக் காலத்தில் இதே பாடத்தை அமெரிக்கா கற்றது. 2002-இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்னும் சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் தேர்வு வைத்து, இலக்கை எட்டாத பள்ளிகள்மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்தது. 2013-14 கல்வியாண்டுக்குள் அனைவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்னும் அதன் இலக்கு நிறைவேறவில்லை. அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் தேர்வு முறைகேட்டில் ஈடுபட்டதாக 2011-இல் மாநில விசாரணை அறிக்கை கூறியது. 2015 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு மற்றொரு சட்டம் கொண்டுவரப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. மேல்நிலைக் கல்வியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் பொதுத்தேர்வு இருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுப்பதற்கென்றே 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டுப் பின்னர் 2025-இல் கைவிடப்பட்டது. இப்பழக்கம் பத்து வயதுக் குழந்தைகளின் வகுப்பறைக்குள் நுழையுமானால், நான்காம் வகுப்பே தேர்வுப் பயிற்சிக் காலமாகிவிடும். நூலக வேளையும் ஓவியமும் விளையாட்டும் கதை சொல்லலும் முதலில் வெட்டுப்படும்.

மூன்றாவது காரணம் சமூக நீதி சார்ந்தது. வீட்டில் வேறு மொழி பேசும் பழங்குடிக் குழந்தைகளும், பெற்றோருடன் செங்கல் சூளைகளுக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குழந்தைகளும், ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளில் படிப்பவர்களும், தனிப்பயிற்சிக்குப் பணம் செலவிடக்கூடிய குடும்பத்துக் குழந்தைகளும் ஒரே வினாத்தாளை எழுதும்போது, வினாத்தாள் பொதுவாக இருப்பதனாலேயே போட்டி சமமாகிவிடாது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை தன்னைவிட வயதில் சிறியவர்களோடு மீண்டும் அதே வகுப்பில் அமர நேர்ந்தால், அது இடைநிற்றலுக்கான முதற்படியாகும் என்பதை, அக்குழந்தைகளை வீடு வீடாகச் சென்று திரும்ப அழைத்துவரும் ஆசிரியர்கள் நன்கறிவர்.

5. எதிர்வாதமும் மறுமொழியும்

தேர்வும் தோல்வியும் இல்லாததால்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாமல் குழந்தைகள் எட்டாம் வகுப்புவரை வந்துவிடுகிறார்கள் என்னும் வாதத்தை இவ்வமைப்பு எளிதாக ஒதுக்கிவிடவில்லை. 2022-ஆம் ஆண்டின் அசர் (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) கணக்கெடுப்பின்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 42.8 விழுக்காட்டினரால் மட்டுமே இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைப் படிக்க முடிந்தது. கற்றல் இழப்பு உண்மை. 'அனைவரும் தேர்ச்சி' என்னும் சொல்லின் பின்னால் அதை மறைப்பதும் குழந்தைக்கு இழைக்கும் அநீதியே.

ஆயினும் அவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது எந்தப் பொதுத்தேர்வும் அன்று. வீட்டுக்குச் சென்று குழந்தையின் அருகில் அமர்ந்து படிக்கச் சொல்லிக் கேட்ட ஒரு மாதிரிக் கணக்கெடுப்பே ஆகும். மேலும், கல்வியாண்டு முடியும் ஏப்ரலில் நடக்கும் தேர்வு, கற்பித்தலைத் திருத்துவதற்கான காலம் கடந்தபின் வரும் செய்தியாகும். இரண்டாம் வகுப்பிலேயே வாசிப்பில் பின்தங்கிய குழந்தையை ஐந்தாம் வகுப்பு இறுதியில் கண்டுபிடித்து, அதே பாடத்தை அதே முறையில் மற்றுமோர் ஆண்டு கேட்கச் செய்வது தண்டனையாகுமே தவிர மருந்தாகாது.

மருந்தின் தொடக்கம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, அந்நிலையிலிருந்தே கற்பிக்க வழிசெய்கிறது. மதிப்பீடு எதற்காக என்னும் கேள்விக்கு அது தரும் விடை சரியானது. எனினும், ஒவ்வொரு மதிப்பீட்டையும் கல்வித் தகவல் மேலாண்மைக்கான எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றும் பணி கற்பிக்கும் நேரத்தை விழுங்குமானால், அந்நோக்கமும் தோற்றுவிடும்.

6. மாதிரி ஆய்வுகளின் இடமும் எல்லையும்

2017-இலும் 2021-இலும் நடந்த தேசிய அடைவு ஆய்வு, 2024 டிசம்பரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் தேசிய அளவில் நடந்த பரக் ஆய்வு, 2025-இல் தமிழ்நாடு நடத்திய மாநில அடைவு ஆய்வு ஆகியவற்றை இவ்வமைப்பு வரவேற்கிறது. எந்த மாவட்டத்தில் கழித்தலிலும் பின்னத்திலும் இடர்ப்பாடு மிகுதி, எங்கே வாசிப்பு பின்தங்குகிறது என்பவற்றை அறியாமல் ஆசிரியர் பயிற்சியையும் நிதியையும் முறையாகப் பகிர்ந்தளிக்க முடியாது. ஆனால் அவ்வாய்வுகளின் முடிவைக் கொண்டு மாவட்டங்களுக்கு இடையே பந்தயம் நடத்துவதும், விளக்கம் கேட்டு ஆசிரியருக்கு அறிவிப்பு அனுப்புவதும், ஆய்வு நாளுக்கு முன் பல வாரங்கள் மாதிரித் தாள்களை எழுதச் செய்வதும் ஆய்வின் உண்மைத்தன்மையைக் கெடுக்கும். பயிற்சியால் வீங்கிய மதிப்பெண் அமைப்பின் நிலையைக் காட்டாது. அமைப்பின் அச்சத்தையே காட்டும்.

7. பரிந்துரைகள்

(அ) எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுத்தேர்வும் நிறுத்திவைத்தலும் இல்லை என்பதை அரசின் அறிவிப்போடு விட்டுவிடாமல், ஆட்சி மாற்றங்களால் அசைக்க முடியாதவாறு மாநிலச் சட்டமாக்க வேண்டும்.

(ஆ) அடைவு ஆய்வுகள் மாதிரி அடிப்படையில் மட்டுமே நடைபெற வேண்டும். தனிக் குழந்தை, தனி ஆசிரியர், தனிப் பள்ளி ஆகியோரின் பெயரில் முடிவுகளை வெளியிடுவதையும், ஊதியத்துக்கோ பணிமாறுதலுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ அவற்றைப் பயன்படுத்துவதையும் தடை செய்ய வேண்டும்.

(இ) ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதத்தில் வகுப்பாசிரியரே வாய்மொழியாகவும் எழுத்தாகவும் நடத்தும் அடிப்படைத் திறன் மதிப்பீடு அமைய வேண்டும். அதன் முடிவு பெற்றோருக்கு மதிப்பெண்ணாக இன்றி, குழந்தைக்குத் தெரிந்தது இது, அடுத்துக் கற்க வேண்டியது இது என்னும் விளக்கமாகச் சென்று சேர வேண்டும்.

(ஈ) பின்தங்கிய குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்துக்குள்ளேயே குறைதீர் கற்பித்தலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியரை நியமிப்பதில் முன்னுரிமை தர வேண்டும்.

(உ) ஆய்வு வினாக்கள் பேச்சு வழக்கு, வட்டாரம், பழங்குடி மொழிப் பின்னணி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு முன்னதாகவே சோதித்துப் பார்க்கப்பட வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஏற்ற வடிவம் தொடக்கத்திலேயே உருவாக்கப்பட வேண்டும்.

(ஊ) பதிவேற்றப் பணிகளைக் குறைத்து, ஆசிரியரின் நேரத்தைக் கற்பித்தலுக்கே திருப்பித் தர வேண்டும்.

குழந்தை படிக்கவில்லை என்றால் அதற்கு முதலில் விடை சொல்ல வேண்டியது பள்ளியும் அதை நடத்தும் அரசும்தான். அப்பொறுப்பைப் பத்து வயதுக் குழந்தையின் விடைத்தாளுக்கு மாற்றிவிடும் எந்த ஏற்பாட்டையும் இவ்வமைப்பு ஏற்காது. இக்கோரிக்கைகளைச் சட்டமன்ற உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் ஆசிரியர் இயக்கங்களும் தத்தம் கூட்டங்களில் விவாதித்து, தீர்மானங்களாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்புமாறு இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.