விமானியின் உறக்கமும் நம் உயிரும்

2010 மே 22 விடியற்காலை, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் அதில் பலர்.

குரல் பதிவில் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தலைமை விமானி உறங்கியிருந்தார். குறட்டையும் பதிவாகியிருந்தது. விழித்தவர், உயரம் மிகுதியாக இருந்தும் இறக்கினார். 'வேண்டாம், மீண்டும் மேலெழுந்து சுற்றி வருவோம்' என்று துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் பயனில்லை.

விமானி மீது பழியைப் போட்டுவிட்டுப் போவது எளிது. மில்லில் மூன்றாம் ஷிப்ட் பார்த்தவர் அப்படிப் போகமாட்டார். பின்னிரவில் உடம்பு யார் சொல்லையும் கேட்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் மழையில் ஓடுபாதையின் நடுவில் போய்த் தரைதொட்டு, நிற்காமல் சரிவில் விழுந்தது. 21 பேர் பலி. மறுநாள் காலை விமானத்தை ஓட்ட வேண்டுமே என்ற நெருக்கடி தலைமை விமானிக்கு இருந்ததையும், அங்கே போதிய தலைமை விமானிகள் இல்லாததையும் விசாரணை அறிக்கையே சொல்கிறது. ஆள் பற்றாக்குறை! நாம் அறியாத சொல்லா அது?

இதற்கு மருந்தாகத்தான் 2024 ஜனவரியில் புது விதி வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுத் தரையிறக்கங்கள் குறைக்கப்பட்டன. முதலாளிகள் முணுமுணுத்தார்கள், நீதிமன்றம் வரை போன பிறகே 2025இல் இரண்டு கட்டமாக நடப்புக்கு வந்தது. தயாராக ஏறத்தாழ ஈராண்டு இருந்தும் இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. ஆள் சேர்க்காதவனுக்குத் தண்டனையா, சலுகையா?

நாமும் சும்மா இல்லை. விமானம் ரத்தானால் கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்துகிறோம். அவளும் கூலிக்கு நிற்பவள்தான். டில்லியைக் கேட்போம்: எந்த நிறுவனத்துக்கு, எந்த ஓய்வு விதியிலிருந்து, எத்தனை நாள் விலக்கு என்பதை நாம் வாங்கும் டிக்கெட்டிலேயே அச்சிடு.