இடித்தவரின் இன்சூரன்ஸ் எதற்கு? சொந்த வண்டி டாக்சி ஓட்டுநர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழக அரசுக்கும் காவல்துறைக்கும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், சொந்த வண்டி வைத்து ஓட்டிப் பிழைக்கும் நாங்கள் வைக்கும் கோரிக்கை இது.

பெருங்களத்தூர் சிக்னல், காலை ஆறரை மணி. எங்களில் ஒருவர் விமான நிலையச் சவாரியோடு சிவப்பு விளக்குக்கு நின்றிருக்கிறார். பின்னால் வந்த பெரிய கார் ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்து டிக்கியை உள்ளே தள்ளிவிட்டது. சவாரிக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். இடித்தவர் இறங்கினார். கெட்டவர் அல்ல, மன்னிப்பும் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்லண்ணே, அதுல போட்டுக்கோங்க."

இந்தப் 'போட்டுக்கோங்க' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தச் சாசனம்.

எங்கள் ஆளின் வண்டி பழையது. தேர்ட் பார்ட்டி மட்டும்தான் கட்டியிருந்தார். தேர்ட் பார்ட்டி என்பது அவர் இடித்தால் அடுத்தவருக்குக் கிடைக்கும் பணம். அவர் வண்டிக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. சரி, ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் தப்பித்தாரா? அவரும் இல்லை. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகம் என்றால் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். க்ளைம் போட்டதால் நோ க்ளைம் போனஸ் போகும். 20 சதவீதத்தில் தொடங்கி, க்ளைமே இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டினால் 50 வரை ஏறும் தள்ளுபடி அது. சிக்னலில் நின்ற குற்றத்துக்கு அது பூஜ்யமாகிறது.

இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி எதற்கு இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது என்கிறது. வழக்கமான கார் பாலிசியில் அடுத்தவர் சொத்துக்கு நேரும் சேதம் 7.5 லட்சம் ரூபாய் வரை அடங்கும். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால், புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டியும் இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடமும் ஷோரூமிலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். எங்களிடம் வாங்குவது இன்னும் அதிகம். 2022 ஜூன் கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு வருடம் 3,416 ரூபாய். அதே இன்ஜின் டாக்சி என்றால் 7,940, அதற்கு மேல் பயணி தலைக்கு 978. பணம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. திரும்பி வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சொத்துச் சேதத்துக்கும் மனுப் போடலாம், ஆறு மாதத்துக்குள். ஆனால் ஒரு டிக்கிக்கும் இரண்டு விளக்குக்கும் வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாகச் சவாரியை விட்டுக் கோர்ட்டுக்கு நடக்க யாரால் முடியும்? கம்பெனிகளுக்கு இது தெரியும். அவரவர் வாடிக்கையாளர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்வோம், ஒருவரிடம் ஒருவர் கேட்க வேண்டாம் என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். கம்பெனிகளுக்கு லாபமான ஏற்பாடுதான். போனஸ் போவதும் தேய்மானம் கழிவதும் எங்கள் பக்கம்.

எங்கள் முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது: ஆளுக்கு அடிபடாமல் வண்டி மட்டும் சேதமான விபத்தில், இடித்தவரின் கம்பெனியிடம் நாங்கள் நேரடியாக க்ளைம் போட வழி வேண்டும். போட்டோ, எஸ்டிமேட், காவல் நிலையச் சான்று இவ்வளவு போதும் என்று இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியே சர்வேயரை அனுப்பட்டும். விபத்துத் தகவல் வந்ததும் ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளில் சமரசத் தொகை சொல்லலாம் என்று 149ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதே 30 நாளை எங்கள் டிக்கிக்கும் கட்டாயமாக்குங்கள். பணம் மறுத்தால் எழுத்தில் காரணம் வேண்டும். அதோடு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக எங்களுக்கும் உரிமை வேண்டும். இன்று அந்தக் கதவு பாலிசி எடுத்தவருக்கு மட்டுமே.

பொய் க்ளைம் வரும் என்பார்கள். வரும். பழைய கீறலையும் சேர்த்து எஸ்டிமேட் போடும் ஆட்கள் எங்களிடமும் உண்டு, மறைக்கவில்லை. சர்வேயர் இருப்பது அதைப் பார்க்கத்தானே? நாங்கள் இடித்தால் எங்கள் கம்பெனியும் இதே முறையில் கொடுக்கட்டும், எங்கள் போனஸைக் கழிக்கட்டும்.

அடுத்தது காவல் நிலையம். புகார் என்று போனால் ரைட்டர் சொல்வது: "எஃப்.ஐ.ஆர் போட்டா ரெண்டு வண்டியும் ஸ்டேஷன்ல நிக்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கணும், யோசிச்சுக்கோ. பேசி முடிச்சுக்கிட்டுப் போ." வண்டி நின்றால் அடுப்பு எரியாது என்று அவருக்கும் தெரியும். இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். ஆள் அடிபட்ட விபத்தில் முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், விரிவான அறிக்கை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. உயிர் போன வீட்டுக்கு முன்னால் எங்கள் வண்டியை வைக்கச் சொல்லவில்லை. வண்டிச் சேதத்துக்கு ஒரு பக்கப் படிவம் போதும்: இரண்டு வண்டி எண், பாலிசி விவரம், எது எங்கே நின்றது, இரண்டு கையெழுத்து. அதை அன்றே சி.எஸ்.ஆர் ரசீதோடு கையில் கொடுங்கள். வண்டியைப் பிடித்து வைக்க வேண்டாம்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களின் வருமானமும் சேதத்தில் சேர வேண்டும். எங்களுக்கு வண்டிதான் கடை. பயண ஆப்களில் ஒவ்வொரு நாளின் கணக்கும் பைசா சுத்தமாக இருக்கிறது, யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

பாலிசி எடுக்கும்போது சிறு தள்ளுபடிக்காக அடுத்தவர் சொத்துக்கான பொறுப்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். 6,000 என்பது 1988 சட்டத்தில் எழுதிய தொகை. இன்று அதில் டிங்கர் வேலையும் பெயின்ட்டும் முடிந்தால் அதிசயம்.

தப்பு தன் மேல் இல்லாதவர் சொந்த பாலிசியில் க்ளைம் போட்டாலும் போனஸ் போகக் கூடாது. கம்பெனி அந்தப் பணத்தை இடித்தவரின் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

சக ஓட்டுநர்களுக்கு: இடிபட்டால் வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். இடித்த வண்டி எண்ணை எம்பரிவாகனில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை பாலிசி என்று அங்கேயே தெரியும். 'போட்டுக்கோங்க' என்றால் பதிலுக்கு அவருடைய பாலிசி நகலைக் கேளுங்கள். க்ளைம் கேட்பவருக்கு அந்த விவரத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது இன்றைக்கும் உள்ள சட்டம்தான்.

பெருங்களத்தூரில் இடிபட்ட வண்டி இன்னும் டிங்கர் பட்டறையில்தான் நிற்கிறது. அதற்கான டியூ வரும் 5ஆம் தேதி.