திராட்சைத் தோட்டத்துக்கு எப்போ போனீங்க?

திண்டுக்கல் தாண்டி மதுரை ரோட்டுல போறப்போ இடது பக்கம் சிறுமலை தெரியும். அந்த அடிவாரத்துல வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி பக்கமெல்லாம் பன்னீர் திராட்சைப் பந்தல்தான். நம்மள்ல எத்தனை பேர் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கோம்?

நாசிக்கில் கதையே வேற. அங்கே சூலா நிறுவனம் 2005-லேயே ஒயின் ருசி பார்க்க ஓர் அறையைத் திறந்துச்சு. இப்போ மும்பைக்காரங்க வீக்எண்டுக்கு அங்கே கார் எடுத்துட்டுப் போறாங்க.

"அப்போ இங்கேயும் ஒயினரி வேணுமா?"ன்னு கேட்பீங்க. எனக்கு அந்த ஆசை இல்லை. டாஸ்மாக் வாசலைப் பார்த்துப் பயந்த எந்த அம்மாவும் பிள்ளைகளோட அங்கே வரமாட்டாங்க. தோட்டத்தோட கேட்டைத் திறந்து வெச்சாலே போதும்.

கம்பத்துல இது ஏற்கெனவே நடக்குது. தேக்கடி போறவங்க வழியில இறங்கி, பந்தலுக்குக் கீழே போட்டோ எடுத்து, ஜூஸ் குடிச்சு, பழம் வாங்கிட்டுப் போறாங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

நாசிக்கில் அறுவடை வருஷத்துக்கு ஒரு தடவைதான். நம்ம பக்கம் கவாத்து பண்ணி ரெண்டு தடவை பழம் எடுக்கலாம். ஆனா பறிச்ச பன்னீர் பழம் ரொம்ப நாள் தாங்காது. அதனால வியாபாரி சொல்றதுதான் விலை. வாங்குறவங்க தோட்டத்துக்கே வந்தா, விலையை விவசாயி சொல்லுவார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க. தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு உள்ளே போங்க. திரும்பி வர்றப்போ ரெண்டு கிலோவாவது வாங்கிட்டு வாங்க.