தாயின் கைக்கு வந்த மருந்து

1971. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளால் பன்காவ் நிரம்பி வழிந்தது. காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்தவர்களும் குறைவு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து கல்கத்தாவில் பொட்டலம் கட்டச் செய்தார். தண்ணீரில் கரைத்துப் புகட்டும் வேலையை நோயாளிகளின் உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.

2022-ல் அவர் மறைந்தார். 2023-ல் பத்மவிபூஷண் அறிவித்தார்கள். மகிழ்ச்சியே. ஆனால் மரியாதை விருதோடு முடிந்துவிடலாமா?

அகதி என்பவன் முகவரி இழந்தவன். அவனுக்கும் அன்று மருந்து கிடைத்தது. வாடகைச் சீட்டோ ரேஷன் கார்டோ இல்லாத கூலிக் குடும்பத்துக்குக் கரியாஹாட்டிலும் அந்த உரிமை வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வார்டு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கேளுங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். எங்காவது காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் சங்கத்தில் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம். குழாயில் நல்ல தண்ணீரையும் அன்றே கேட்போம்.