இருவர் மட்டும் சென்ற பயணம்



இம்மாதம் இப்பகுதியில் என் வீட்டுக் கதையொன்றைக் கூறப்போகிறேன். பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கும் ஓர் உஸ்தாத், மனைவியை அழைத்துக்கொண்டு மலையூர் சென்றுவந்ததையெல்லாம் ஏட்டில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். முழுவதையும் படித்த பின்னர் சுளித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எனக்குத் திருமணமாகி 21 ஆண்டுகள் ஆகின்றன. இந்த 21 ஆண்டுகளில் நானும் என் இல்லாளும் சேர்ந்து சென்ற பயணங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மைத்துனரின் நிக்காஹ்வுக்காக ஆர்க்காடு; என் பெரியத்தாவின் மய்யித்துக்காகச் செங்கல்பட்டு; இளையவனுக்குக் காய்ச்சல் முற்றியபோது சென்னை மருத்துவமனை; உறவினர் 19 பேருடன் ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு நாகூர். எங்களுக்காகவென்று நாங்கள் இருவர் மட்டும் வாசற்படி தாண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. நீங்களும் உங்கள் கணக்கை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் விடை இதுவாகத்தான் இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் பேச்சைத் தொடங்கினாள். 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். "அத்தா, நீங்களும் அம்மாவும் எங்காவது போய் வாருங்கள். தம்பியை நானும் பாட்டியும் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். வீடு சற்று நேரம் அமைதியாக இருந்தது. என் தாயார் வெற்றிலையை மென்றபடி, "இந்த வயதிலா?" என்று மட்டும் கேட்டார். என் இல்லாளோ அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்கும் காது சிவந்தது என்பதை மறைப்பானேன்? பள்ளிவாசல் நிர்வாகிகளுக்குத் தெரிந்தால், மக்தபுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றிற்று.

அன்று இரவு படுக்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், அன்னை வென்றார்கள். பல காலம் கழித்து மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடினார்கள். அப்போது உடல் சற்றுப் பருத்திருந்த அன்னை தோற்க, அந்தப் பந்தயத்துக்கு இது ஈடு என்று அண்ணலார் நகைத்தார்கள். இந்த ஹதீஸை எத்தனை நிக்காஹ் மேடைகளில் நான் எடுத்துரைத்திருக்கிறேன்! மணமகனுக்கு எடுத்துரைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு 21 ஆண்டுகள் பிடித்தன.

எங்கே செல்வது? ஊட்டி என்றாள் மகள். உதகையும் கொடைக்கானலும் வண்டிகளின் நெரிசலைத் தாங்க முடியாமல் திணறியதால், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கே வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்றாகியது. 2025 கோடையில் வார இறுதி நாட்களில் நீலகிரிக்கு 8,000 வாகனம், கொடைக்கானலுக்கு 6,000 வாகனம் என வரம்பும் கட்டினார்கள். 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறியபோது தோடர், படுகர், கோத்தர் போன்ற மலைமக்கள் வாழ்ந்த மலை அது! எங்களுக்கு அவ்வளவு தூரமும் வேண்டாம், அவ்வளவு கூட்டமும் வேண்டாம். ஏலகிரி என்று நான் முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில்தான் நான் பி.ஏ. வரலாறு படித்தேன். 1919 இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் கல்லூரி. மூன்றாண்டுகள் ஏலகிரி மலையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே படித்தேன், ஒருநாளும் ஏறவில்லை. கையில் காசில்லாத காலம். அறை வாடகைதான் இம்முறையும் மலைக்க வைத்தது. தொடர் விடுமுறை என்றால் விலையை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். இரண்டு இரவுக்கு 5,000 ரூபாய். எப்படியோ ஏற்பாடு செய்தேன்.

காஞ்சியிலிருந்து ஏலகிரி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். சுப்ஹு தொழுததும் புறப்பட்டோம். வேலூரில் பேருந்து மாறி, ஆம்பூரைக் கடந்து, வாணியம்பாடியில் இறங்கினோம். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும், படித்த ஊரின் பள்ளியில் தொழாமல் கடக்க மனம் வரவில்லை. பழைய நண்பர் ஒருவரின் வீட்டுப் பெண்களுடன் என் இல்லாளை இருக்கச் செய்து, தொழுது வந்தேன். அங்கேயே உணவும் ஆயிற்று. பின்னர் பொன்னேரிக் கூட்டுச்சாலைக்குச் சென்று மலைப்பேருந்து ஏறினோம்.

ஏலகிரிச் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் பார்த்து அவள் பெயரை உரக்கப் படித்தாள், பள்ளிச் சிறுமி போல. பேருந்து திரும்பும்போதெல்லாம் என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். 14 வளைவுகளும் முடிந்த பின்னும் விடவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

மலை 1,100 மீட்டர் உயரந்தான். உதகையின் குளிர் இல்லை; ஆனால் காற்று இதமாக இருந்தது. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் 14 சேர்ந்ததே ஏலகிரி. பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைமக்கள் அவர்கள். புங்கனூர் ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. ஒலிபெருக்கி இரைச்சல் வேறு. பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அதைப்பற்றி எழுத அதிகமில்லை.

எழுத வேண்டியது அறைக்குள் நடந்தது.

முதல் நாள் மாலை அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. படுக்கை விரிப்பை உதறினாள், மீண்டும் உதறினாள். என் சட்டையை மடித்தாள். குளியலறை வாளியைக் கழுவினாள். கடையிலிருந்து தேநீர் வாங்கி வந்து நான் நீட்டியபோது, பிறர் வீட்டு விருந்தாளியைப் போல் எழுந்து நின்று வாங்கினாள். வீட்டில் அவள் கை ஓய்ந்து நான் கண்டதில்லை. அடுக்களை வேலை முடிந்தால் சேலை. எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வேலையைக் கடைக்காரர்கள் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அவளும் பல ஆண்டுகளாகக் கட்டிக்கொடுக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் சன்னலைத் திறந்தாள். வெளியே பனி. தன் பையிலிருந்து சிறிய குர்ஆனை எடுத்துச் சன்னலோரம் அமர்ந்தாள். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குர்ஆனை மடியில் வைத்தாள். பின் கையில் ஏந்தி எட்டப் பிடித்தாள். இன்னும் எட்ட. வெளிச்சத்தின் பக்கம் சாய்த்தாள். பின்னர் மெல்ல மூடி, முத்தமிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி யாசீன் ஓதத் தொடங்கினாள்.

ஓதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எழுத்து தெரியவில்லையா?"

"கொஞ்ச நாளாக."

"எவ்வளவு நாளாக?"

அவள் உடனே விடை சொல்லவில்லை. "இரண்டு ரமலான் ஆகிறது" என்றாள்.

இரண்டு ரமலான்! ஒவ்வோர் ஆண்டும் ரமலானில் குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பவள். இரண்டு ஆண்டுகளாக மனனமான சூராக்களை மட்டுமே திரும்பத் திரும்ப ஓதியிருக்கிறாள். குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டில் யாருக்கும் ஐயம் எழவில்லை. நாள்தோறும் 60 பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டு, ஒரு மத்து குறைந்தாலும் கண்டுபிடித்துத் திருத்துகிறவன் நான்.

"ஏன் சொல்லவில்லை?"

"எப்போது சொல்வது? நீங்கள் வீட்டுக்கு வரும்போது இரவு மணி ஒன்பது. சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, பால்கணக்கு. கண்ணாடி என்றால் செலவு என்பீர்களோ என்றும் இருந்தது."

அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. ஊசியில் நூல் கோக்க இளையவனை அவள் கூப்பிடுவது, அவனுக்கு விளையாட்டுக் காட்ட என்றல்லவா நினைத்திருந்தேன்? அரிசியில் கல் பொறுக்கும் வேலை மகளுக்குப் போனது, மகள் வளர்ந்துவிட்டதால் என்றல்லவா நினைத்தேன்? வளைவுப் பலகைகளை அவள் அத்தனை உற்சாகமாகப் படித்ததும் இப்போது வேறு விதமாகத் தெரிந்தது. தொலைவிலுள்ள எழுத்து அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. படிக்க முடிந்ததையெல்லாம் படித்துத் தீர்த்திருக்கிறாள்.

வாசகர்களே, இது நோயன்று. நாற்பதைக் கடந்தால் கண்ணினுள் இருக்கும் வில்லை இறுகி, அருகிலுள்ளதைக் குவித்துக் காட்டும் வலிமையை இழக்கிறது. நம் முன்னோர் இதை வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் கூறினர். ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது. சரியான கண்ணாடி போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு அருகுப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடியும்வரை கொடுக்கவில்லை. கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த கொழுந்து, மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியது. மெல்லிய பட்டிழையைப் பிரித்து முடிச்சிடுகிற பெண்களுக்கு எவ்வளவு கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே நாம் காண்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடமாயிற்று. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றிற்று. இந்த வரலாற்றைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வது என் வழக்கம். அந்த உஸ்தாதின் வீட்டில்தான் ஒரு கண்ணாடி இல்லாமற்போயிற்று.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தறிவீடு உண்டு. குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா. ஒருவரால் ஆகாது, கணவர் மிதிக்க, வலப்பக்கம் மனைவி அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறார். ஒருவர் கை தடுமாறினால் மறுகணமே மற்றவருக்குத் தெரிந்துவிடும். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை காட்டிக்கொடுக்கும். அவர்களை நான் நெடுநாள் பார்த்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் என் வீட்டில் அப்படிக் காட்டிக்கொடுக்க ஓர் இழை இருக்கவில்லை. மூன்று நாள் வேறு வேலையின்றி ஓர் அறையில் இருந்ததால் தெரிந்தது.

அன்று பகல் நாங்கள் எந்த இடத்தையும் பார்க்கச் செல்லவில்லை. பலாமரத்தடித் திண்ணையில் அமர்ந்து நான் ஓத, அவள் கேட்டாள். ஓரிடத்தில் என்னை நிறுத்தி, "இந்த ஆயத்தை மறந்தே போயிருந்தேன்" என்றாள். மீண்டும் ஓதச் சொன்னாள். லுஹரும் அஸரும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். பயணிக்கு அல்லாஹ் தந்த சலுகையில் எங்களுக்கு நேரம் மிஞ்சிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் நாங்கள் பேசிய பேச்சு, நிக்காஹ் ஆன புதிதில் பேசியதற்குப் பின் அதுதான் என்று நினைக்கிறேன். சில வேளை பேசாமலும் இருந்தோம்.

ஞாயிறு மாலை வீடு திரும்பினோம். திங்களன்று கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வெள்ளெழுத்து தவிர வேறு குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். கண்ணாடிக்கு ஆன செலவு 900 ரூபாய். அதை அணிந்து முதன்முதலில் அவள் பார்த்தது இளையவனின் கையெழுத்தை. அவனுக்கு அன்று நல்ல நாளாக அமையவில்லை.

இக்கட்டுரையை அனுப்புமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியின்கீழ் வைத்து, முழுதும் படித்தாள். "எல்லாம் சரி. அறை வாடகையை 'எப்படியோ ஏற்பாடு செய்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே? 3,000 ரூபாய் என் குஞ்சக் காசல்லவா?" என்றாள்.

ஆம், அவள் காசுதான். அந்த வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். அடிக்க வேண்டாம், கீழே உண்மையை எழுதினால் போதும் என்றாள். எழுதிவிட்டேன்.