பெரிய மீனை இழுக்காதீங்க, ஏந்துங்க

பெரிய மீன் தப்பிச்சுப் போனா வலையைத் திட்டுறது நம்ம பக்கத்துப் பழக்கம். நூலு இத்துப்போச்சு, கடைக்காரன் மட்டமான வலையைக் குடுத்துட்டான், கண்ணி பெருசாப் போச்சுன்னு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க. என் கணக்கு வேற. மாட்டின பெரிய மீன்ல முக்காவாசி, பரிசல் ஓரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் போகுது. கடைசி ஒரு முழத்துல கை காட்டுற அவசரத்துனால போகுது. சில நேரம் மீனோட சேர்த்து ஆளும் போயிடுறான். அதனாலதான் கரும்பு வெட்டு, ஆலை லாரின்னு எழுதற இந்த இடத்துல இன்னிக்கு மீனைப் பத்தி எழுதறேன்.

நான் விவசாயி, மீன்பிடிக்கிறது என் தொழில் இல்ல. ஆனா மூங்கில்துறைப்பட்டுல பொறந்தவனுக்குத் தென்பெண்ணையும் மீனும் தெரியாம இருக்காது. ஊர் பேர்லயே மூங்கிலும் இருக்கு, துறையும் இருக்கு. மேல சாத்தனூர் அணை. 1958-ல கட்டி முடிச்சது, முழுக் கொள்ளளவு 119 அடி. அங்க மீன் வளர்ப்பும் பிடிப்பும் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்துப் பொறுப்பு. எங்க மாமன் மச்சான் முறையில நாலஞ்சு பேரு பரிசல் போடுறவங்க. அவங்களோட பரிசல்ல உக்காந்து போனதுலயும், கரையில நின்னு பாத்ததுலயும், பெரியவங்க வாயால கேட்டதுலயும் எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல மீனைப் பத்தி. இப்போ நம்ம அணையில பெரிய மீனுன்னா பெரும்பாலும் கட்லாதான். இது நம்ம ஆத்து மீனே இல்ல. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கைப் பக்கத்து மீனு. குஞ்சு கொண்டாந்து விட்டு வளர்த்தது. கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. கட்லாவுக்குத் தலை பெருசு, வாய் மேல் பார்த்து இருக்கும். அதனாலதான் மேல்மட்டத்துல மிதக்க விடுற பெரிய கண்ணி வலையில அது சிக்குது. மேட்டூர்ப் பக்கம் ரங்கூன் வலைன்னு ஒண்ணு பேர் வாங்கினது. அதுக்கு அடிக்கயிறு கிடையாது, தொளதொளன்னு தொங்கும். மீன் முட்டினா செவுளும் மாட்டும், உடம்பும் சுத்திக்கும். நம்ம ஊர் நாட்டு மீன்ல பெருசுன்னா வாளையும் கெளுத்தியும். வாளைக்குப் பல்லு, கெளுத்திக்கு முள்ளு. ஒவ்வொண்ணும் வலையில ஒவ்வொரு மாதிரி நிக்கும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். தண்ணிக்குள்ள இருக்கிற 10 கிலோ கட்லாவுக்குக் கனமே கிடையாது. அதோட வயித்துல இருக்கிற காத்துப்பை அதை மிதக்காமலும் முழுகாமலும் வச்சிருக்கு. நீங்க மேல்கயிறைப் பிடிச்சு வெளிய தூக்கின அந்த நொடியில 10 கிலோவும் கனமா மாறுது. அந்தக் கனம் மொத்தமும் செவுள்ல சிக்கின ரெண்டு மூணு கண்ணி மேல விழுது. போதாததுக்கு மீன் ஒரு தடவை வாலடிச்சா கனம் இன்னும் கூடுது. நூல் அறுந்தா மீன் போச்சு. நூல் தாங்கினா செவுள் கிழியும், அப்பவும் மீன் போச்சு. கிழிஞ்ச செவுளோட போன மீன் பொழைக்கவும் பொழைக்காது. நமக்கும் இல்லாம அணைக்கும் இல்லாம வீணாப் போகும்.

அதனால நான் சொல்ற ஒரே பேச்சு இதுதான்: பெரிய மீனை வலையால தூக்கக் கூடாது. செவுள் வலை மீனைப் பிடிச்சு நிறுத்த மட்டும்தான். பரிசலுக்குள்ள ஏத்துறதுக்குக் கைவலை வேணும். இரும்பு வளையத்துல பை மாதிரி தொங்குற வலை, குட்டையா ஒரு காம்பு. ஒரு பழைய சைக்கிள் ரிம் இருந்தாக்கூட வெல்டிங் கடையில வளையம் பண்ணிக்கலாம். செவுள் வலைக்கு ஆகுற செலவுல இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனா எத்தனை பரிசல்ல இது இருக்கு? நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஒண்ணு.

கைவலையைப் பிடிக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. வாலுப் பக்கமா விட்டுத் துரத்தக் கூடாது. மீனுக்கு முன்னால போகத்தான் தெரியும், பின்னால நல்லா நீந்தத் தெரியாது. வால்ல ஏதாவது உரசினா உடனே முன்னால பாயும், அதுவரைக்கும் நின்ன கண்ணியும் அந்தப் பாய்ச்சல்ல தெறிக்கும். அதனால கைவலையை முன்கூட்டியே தண்ணிக்குள்ள அமுக்கி வச்சுக்கணும். ஒருத்தர் மேல்கயிறை மெதுவாச் சேர்த்து, மீன் தலை கைவலை வாய்க்கு நேரா வர்ற மாதிரி கொண்டாரணும். தலை உள்ள போயிடுச்சுன்னா கயிறைக் கொஞ்சம் தளர விடுங்க. மீன் பாய்ஞ்சாலும் கைவலைக்குள்ளதான் பாயும். அப்புறம் காம்பைப் பிடிச்சு நெம்பக் கூடாது, காம்பு வளையும். வளையத்தை ரெண்டு கையால பிடிச்சு பரிசல் விளிம்போட ஒட்டிக் கொண்டாந்து, உள்பக்கமா உருட்டி விடணும். சிக்கை வெளிய வச்சு எடுக்காதீங்க. வலையும் மீனும் சேர்ந்தே உள்ள வரட்டும். ஈரச் சாக்கை எடுத்துத் தலை மேல போட்டுட்டா, கண்ணு மறைஞ்சதும் மீன் அடங்கும். நிதானமாச் சிக்கெடுக்கலாம்.

கடல் பக்கமும் இதே நியாயம்தான். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்க்காரங்க ஆழ்கடல்ல தூண்டில் போட்டு சுறா பிடிக்கிறதுல பேர் போனவங்க. தூண்டில்ல மாட்டின பெரிய மீனை வெறும் கயிறை நம்பி மேல தூக்கினா நிக்காது. களைக்க விட்டு, பக்கத்துல கொண்டாந்து, கொக்கிக் கம்பு போட்டு ஏத்தணும். கருவி வேற, படகு வேற, ஆனா நியாயம் ஒண்ணு. பிடிக்கிறது ஒரு வேலை, ஏத்துறது இன்னொரு வேலை. நம்ம நல்ல தண்ணி மீனுக்குக் கொக்கி ஆகாது. சதை கிழிஞ்சு ரத்தம் கட்டின கட்லாவை யாவாரி பாத்ததும் விலையைக் குறைப்பான். கைவலைதான் சரி.

அடுத்தது பரிசல். பரிசல் வட்டம், அடியில தண்டு கிடையாது. அதனால சுத்தும். இதைக் குறையாச் சொல்றவங்க உண்டு. பெரிய மீனுக்கு அது குறையே இல்லைன்னு நான் சொல்லுவேன். மீன் இழுத்தா பரிசலும் கூடவே நகரும், திரும்பும். அந்த இழுப்புல மீன்தான் களைக்கும், நூலு அறுவாது. நீங்க துடுப்பைக் குத்தி எதிர்த்து நின்னாதான் நூலு அறும். போற வரைக்கும் போக விடுங்க. காத்தை மட்டும் கவனிங்க. காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம் வலை இருக்கணும். அப்பத்தான் காத்து பரிசலை வலையை விட்டு விலக்கித் தள்ளும், வலை விறைப்பா நிக்கும். மாறி நின்னா பரிசல் வலை மேலயே ஏறும், அடியில சுத்திக்கும். தண்ணிக்குள்ள பழைய மரக்கட்டை வேற இருந்தா அதோட முடிஞ்சது கதை.

பரிசலோட ஆபத்து சுத்துறதுல இல்ல, சாயறதுல இருக்கு. மீனைப் பாத்ததும் ரெண்டு பேரும் ஒரே விளிம்புக்கு ஓடுறாங்க பாருங்க, அங்கதான் கவிழுது. ஒருத்தர் மீன் பக்கம் முட்டி போட்டு உக்காந்தா, இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் கனம் குடுத்து உக்காரணும். நிக்கவே கூடாது. கயிறைக் கையில சுத்திக்கக் கூடாது, இடுப்புல கட்டவே கூடாது. கை எட்டுற இடத்துல ஒரு கத்தி இருக்கணும். கால்ல வலை சுத்தினா வலையை அறுத்துப் போடத் தயங்கக் கூடாது. வலை போனா வாங்கிக்கலாம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல ஒரு ஆள் அப்படித்தான் போனாரு. நீச்சல் தெரியாதவர் இல்ல. வலை சுத்தின காலுக்கு நீச்சல் தெரியாதே.

இதுக்கு நம்ம ஆளுங்க சொல்ற பதிலும் எனக்குத் தெரியும். "ரெண்டு பேரு போனா பங்கும் ரெண்டாப் போகுது, மாமா. ஒத்த ஆளாப் போனாத்தான் கட்டுது." இதை நான் தள்ளிவிட மாட்டேன். வீட்டுல உலை வைக்கணுமே. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஒத்த ஆளா இருக்கும்போது பெரிய மீன் மாட்டினா, பரிசலுக்குள்ள ஏத்தணும்னு நினைக்காதீங்க. மீனைத் தண்ணியிலயே வச்சு, அந்த இடத்து வலையைச் சுத்தி ஒரு பொட்டலம் மாதிரி சேர்த்து, மெதுவாக் கரைக்குத் தள்ளிட்டுப் போங்க. முழங்கால் தண்ணிக்கு வந்துட்டா மீனுக்குப் பலம் இல்ல. கரையை விடப் பெரிய கைவலை எதுவும் கிடையாது. அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. செல்போன்ல வீடியோ எடுக்கிறதுக்காக நின்னுக்கிட்டே மீனைத் தூக்கிக் காட்டுற இளவட்டம். அவங்களுக்கு நல்லதனமாச் சொல்றேன் தம்பிகளா, மீனைக் கரையில வச்சு எடுங்க, படம் நல்லாவே வரும். அணையில தண்ணி திறக்கிற நேரத்துல ஆத்துல இறங்கவே இறங்காதீங்க. 2024 டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர்ல இருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வந்தது. அந்தத் தண்ணி என்ன பண்ணுச்சுன்னு தென்பெண்ணைக் கரையில இருக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு முன்னால பரிசலும் ஒண்ணுதான், தேங்காய் மட்டையும் ஒண்ணுதான்.

இவ்வளவு எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எனக்கு அதுதான் பெரிய காரணம். பெரிய கண்ணி வலை போட்டு, மாட்டின மீனையெல்லாம் கடைசி முழத்துல விட்டுட்டு வர்றவன் எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? ஒருநாள் வெறுத்துப்போய்ச் சின்னக் கண்ணி வலை வாங்குவான். அதுல கால் கிலோ, அரைக் கிலோ குஞ்சு தினமும் கிடைக்கும், தூக்குறதும் சுலபம். ஆனா வளர விட்டா அதே குஞ்சுதான் நாலு கிலோ, அஞ்சு கிலோ மீனு. ஒவ்வொரு வருஷமும் குஞ்சு வாங்கி விடுறது அணையில பெருசாகட்டும்னுதான், விட்ட ஆறாம் மாசமே அரிச்சு எடுக்கறதுக்கு இல்ல. சின்னக் கண்ணியும் கட்டாம போனா, சிலர் வேட்டு வைக்கவும் மருந்து கலக்கவும் போறாங்க. 1897-ல போட்ட மீன்பிடிச் சட்டத்துலயே ரெண்டுக்கும் தடை இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலயே தப்புன்னு தெரிஞ்ச காரியம்.

நான் கரும்பு போடுறவன். பத்து மாசம் பன்னண்டு மாசம் காத்திருந்து வெட்டினாத்தான் கரும்புக்கு எடை, சாறுக்குச் சத்து. ஆறாம் மாசம் வெட்டி ஆலைக்கு அனுப்பினா யாரு வாங்குவா? மீனுக்கும் அதே வெள்ளாமைக் கணக்குதான். பெரிய மீனை ஒழுங்கா ஏத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் சின்ன மீனை விட மனசு வரும்.

அதனால பரிசல் போடுறவங்களுக்கு உரிமச்சீட்டு குடுக்கிறவங்ககிட்டயும், கூட்டுறவுச் சங்கத்துக்காரங்ககிட்டயும் நான் கேக்கறது பெருசு இல்ல. வலைக்கு மானியம் குடுக்கும்போது கூடவே ஒரு கைவலையும் ரெண்டு லைஃப் ஜாக்கெட்டும் குடுங்க. புதுசா வர்ற பசங்களுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பழைய ஆளு ஒருத்தரைப் பரிசல்ல உக்கார வச்சு ஏத்துற முறையைக் காட்டுங்க. புத்தகத்துல படிச்சு வர்ற வேலை இல்ல இது, கை பாத்துக் கை கத்துக்கணும்.

அணையில மீன் பிடிக்கிற சொந்தக்காரங்க இதைப் படிச்சா, இந்த வாரமே ஒரு வளையம் அடிச்சுக்குங்க. கோமுகி, மணிமுக்தா பக்கம் இருக்கிறவங்க உங்க முறை வேறன்னா எழுதுங்க, தெரிஞ்சுக்கறேன். அடுத்து கரும்புச் சோகை எரிக்கிறதைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். அதுலயும் சண்டை போட ஆளு தயாரா இருக்கும்னு தெரியும்.