ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஒரு குளம்!

“ஏண்டி, டெங்கு சீசன்ல யாராவது குளத்துத் தண்ணியைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வைப்பாங்களா?”

அம்மாவின் இந்த வாழ்த்தோடுதான் எங்கள் வீட்டு மீன் தொட்டி திறப்பு விழா நடந்தது. தொட்டி என்பது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மீன் கிடையாது. ஊர்க் குளத்தில் மொண்ட தண்ணீர் முக்கால் பாட்டில், ஒரு ஸ்பூன் சேறு, ஒரு கொத்து வேலம்பாசி. அவ்வளவுதான். நேரடி வெயில் படாத ஜன்னலோரத்தில் வைத்தேன்.

முதல் நாள் ஒரே கலங்கல். மூன்றாம் நாள் தெளிந்ததும், வெள்ளைப் புள்ளிகள் சில விட்டு விட்டுத் துள்ளின. தூசி துள்ளாதே! ஒரு சொட்டு எடுத்து ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப் அது. 140 மடங்கு பெரிதாக்கும். காந்தம் வழியாக செல்போன் கேமராவில் ஒட்டிக்கொள்ளும்.

திரையில், பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த பாரமீசியம், செருப்பு போன்ற உடலோடு சுழன்று சுழன்று போனது. வெள்ளைப் புள்ளியோ பேரிக்காய் உடம்பும் ஒற்றைக் கண்ணும் கொண்ட சைக்ளாப்ஸ்! கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் ராட்சதனின் பெயர்தான். உயரம் என்னவோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நான் பார்த்தது பெண். வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கின.

“தண்ணிப் பூச்சியா? இதுக்குத்தான் நாங்க வேட்டித்துணியில வடிகட்டிக் குடிப்போம்” என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது நரம்புச் சிலந்தி நோயை. அதன் புழுவைச் சுமந்த சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு குடித்தால், சுமார் ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர் நீளப் புழு காலைத் துளைத்து வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுப்பார்களாம். துணி வடிகட்டி, கிணறுகளைச் சரிசெய்தல் என்று போராடி, 2000-ல் அந்த நோயே இல்லாத நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

“அப்ப இப்பவே கொட்டு!” - அம்மா எழுந்துவிட்டார்.

அவசரமாக மறுபக்கத்தையும் சொன்னேன். சைக்ளாப்ஸின் உறவான மீசோசைக்ளாப்ஸுக்கு, அப்போதுதான் பொரிந்த கொசுப்புழுக்கள் விருந்து. 1990-களில் வியட்நாம் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இவற்றை விட்டே டெங்கு கொசுவை விரட்டியிருக்கிறார்கள்.

அதற்காக என் பாட்டிலை நம்பி விட்டுவிட முடியாது. வளர்ந்த புழுவை இவை ஒன்றும் செய்யாது; முட்டை கொசுவாக பத்து நாள் போதும். அதனால் வாயில் துணி கட்டித்தான் ஆக வேண்டும். காற்று போகும், கொசு போகாது. நீங்களும் வைத்தால் பாட்டிலைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும்.

துணியைக் கட்டியது அம்மாதான், தன் பழைய காட்டன் சேலையைக் கிழித்து. மறுநாள் காலை டார்ச்சோடு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

“முட்டையோட இருந்தாளே ஒருத்தி, அவளைக் காணோமேடி?”